ஒரு கோடியில் ஓர் ஒளித்துகள்

கல்கத்தாவில் குடியேறிய தமிழர்களாகிய நாம் சர் சி. வி. இராமனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நோபல் பரிசையே பெரிதாகப் பேசுகின்றோம். அப்பரிசுக்குக் காரணமான ஒளி பின்னர் எங்கெங்கே சென்றது, எவருக்குப் பயன்பட்டது என்று கேட்பவர் சிலரே. அவ்வரலாறு ஒரு மருத்துவரிடம் தொடங்கி, மருத்துவர்களிடமே வந்து சேருகின்றது.

டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் இந்நகர மருத்துவக் கல்லூரியில் பயின்று எம்.டி. பட்டம் பெற்றவர். இந்தியர் தம் முயற்சியாலேயே விஞ்ஞானம் வளர்க்க வேண்டும் என்னும் வேட்கையால் நன்கொடை திரட்டி, 1876-இல் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தை நிறுவினார். பௌபஜார் தெருவில் சொற்பொழிவுகள் நடந்தன. ஆனால் அவர் எதிர்பார்த்த ஆராய்ச்சி தழைக்கவில்லை. அக்குறை தீராமலே 1904-இல் அவர் மறைந்தார்.

மூன்றாண்டுகள் கழித்து, திருச்சிராப்பள்ளியில் பிறந்த 18 வயது இளைஞர் ஒருவர் நிதி இலாகா உத்தியோகம் ஏற்று இந்நகருக்கு வந்தார். அவரே இராமன். அலுவலகம் செல்லுமுன்னும், அலுவல் முடிந்த பின்னும் அச்சங்கத்தின் ஆய்வுக்கூடமே அவர் உறைவிடமாயிற்று. ஆசுதோஷ் தே என்னும் வங்காளி உதவியாளர் அவருக்கு வலக்கரமாக நின்றார்.

1921-இல் கப்பற்பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலம் இராமனின் சிந்தையைக் கவர்ந்தது. நீர் ஒளியைச் சிதறச் செய்வதை அவர் ஆராயலானார். 1923-இல் அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன், நீரில் சிதறிய ஒளியோடு நிறம் மாறிய மெல்லொளி ஒன்றும் கலந்திருக்கக் கண்டார். மாசுதான் காரணமோ என்று நீரைத் தூய்மை செய்து பார்த்தும் அது மறையவில்லை. பின்னர் வத்திராயிருப்பு தந்த கே. எஸ். கிருஷ்ணன் உடனிருந்து உழைக்க, 1928 பிப்ரவரி 28 அன்று உண்மை தெளிவாயிற்று.

சிதறும் ஒளியில் மிகப் பெரும்பகுதி வந்த நிறத்திலேயே செல்கின்றது. ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு துகள் மட்டும், மூலக்கூறின் அதிர்வோடு சக்தியைக் கொண்டோ கொடுத்தோ நிறம் மாறுகின்றது. மூலக்கூறுதோறும் அதிர்வு வேறாதலின் நிறமாற்றமும் வேறு. கைரேகை கொண்டு ஆளை அறிவது போல, இம்மாற்றங்கொண்டு பொருளை அறியலாம்.

உயிரணுவை ஆராய்வோர்க்கு இது பெரும் வாய்ப்பு. வழக்கமாக, நிறமற்ற உயிரணுவை நுண்பெருக்கியில் காணச் சாயம் ஏற்ற வேண்டும். இம்முறைக்கோ சாயம் வேண்டுவதில்லை. நீர் தரும் இராமன் ஒளி மிகக் குறைவாதலின் ஈரமும் தடையன்று. தடையாக நின்றது அவ்வொளியின் மெலிவே. 1960-இல் லேசர் பிறந்தபின் வழி திறந்தது. 1975-இல் பிரான்சின் லீல் நகரத்தில் டெலே, டமெலென்கூர் இருவரும் லேசரையும் நுண்பெருக்கியையும் இணைத்த கருவியை விவரித்தனர். 1990-இல் நெதர்லாந்தில் பப்பல்ஸ் முதலியோர் தனியோர் உயிரணுவையே, அதற்கு ஊறு செய்யாத செந்நிற லேசரால் ஆராய்ந்தனர்.

ஆயினும் புள்ளி புள்ளியாக அளந்து படம் வரைய நெடுநேரம் பிடித்தது. 2008-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் இரு லேசர்களை ஒருங்கே செலுத்தும் தூண்டல்முறை நுண்பெருக்கியை வெளியிட்டனர். இரண்டின் அதிர்வெண் வேறுபாடு மூலக்கூறின் அதிர்வோடு பொருந்துமாயின், மெலிந்த ஒளி பன்மடங்கு வலிமை பெறும். கொழுப்பு எங்கே, புரதம் எங்கே என்னும் படம் விரைந்து எழும்.

இதன் பயனை மூளைக் கட்டிக்குச் சிகிச்சை செய்யும் அறையில் காணலாம். குறைவாக அறுத்தால் நோய் மீளும். மிகுதியாக அறுத்தால் நோயாளி பேச்சையோ நடையையோ இழக்கக்கூடும். அறுத்த திசுவை உறையவைத்துச் சீவிச் சாயமேற்றி முடிவறிய, பழைய முறையில் 20 முதல் 30 நிமிடம் ஆகும். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 278 நோயாளிகளின் திசுக்களை இராமன் ஒளியால் படம்பிடித்துக் கணிப்பொறி ஆராய்ந்தது. முடிவு 150 விநாடிக்குள் கிட்டியது, 94.6 சதவீதம் சரியாக இருந்தது. பழைய முறையில் வல்லுநர் கண்டது 93.9 சதவீதம். வல்லுநரின் இடம் இதனால் போய்விடவில்லை. கத்தியேந்திய மருத்துவர் காத்திருக்கும் நேரமே குறைந்தது.

சர்க்கார் நிறுவிய சங்கம் இன்று ஜாதவ்பூரில் இயங்குகின்றது. தாம் எழுப்பிய இல்லத்தில் பிறக்கப்போகும் ஒளி தம் தொழிலுக்கே துணையாகும் என்பதை அம்மருத்துவர் அறியார். நன்கொடை ஈந்த வங்காளப் பெருமக்களும் அறியார். பயனைக் காணாமலே கொடுத்த அவர்களுக்கு, அவ்வில்லத்தின் வாயிலில் இடம்பெற்ற இனத்தவராகிய நாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம். நம் சங்கத்து இளைஞர்க்கு இராமன் பெயரைச் சொல்லும்போது, மகேந்திரலால் சர்க்கார், ஆசுதோஷ் தே, கிருஷ்ணன் ஆகியோர் பெயர்களையும் சேர்த்தே சொல்வோமாக.