'இணைநோய்' என்ற சொல் மறைப்பது

கொரோனா காலத்தில் தமிழக அரசின் அன்றாட அறிக்கை, இறந்தோரை இணைநோய் உள்ளவர், இல்லாதவர் எனப் பிரித்தது. அந்த இணைநோய்களில் ஓயாமல் இடம்பெற்றது நீரிழிவு.

2020இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோர் கொரோனாவால் மருத்துவமனையில் இறக்கும் வாய்ப்பு, நீரிழிவு இல்லாதோரைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. சர்க்கரை கட்டுமீறினால் வெள்ளணுக்களின் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. தொற்றோ சர்க்கரையை மேலும் ஏற்றுகிறது. உயிர்காக்கத் தரும் ஸ்டீராய்டும் ஏற்றும். 2021இல் கருப்புப் பூஞ்சை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்பதே முதற்கேள்வி என்கிறோம். அதற்கு மாத்திரையும் பரிசோதனையும் ரேஷன் அரிசியைத் தாண்டிய உணவும் வேண்டும். வேளச்சேரியில் தனியார் ஆய்வகங்களுக்குப் பஞ்சமில்லை. அதற்குத் தெற்கே பெரும்பாக்கத்தில், ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களில் தலித்துகள் ஏராளம். 2020 மார்ச்சில் பேருந்துகள் நின்றதும், நகரத்து அரசு மருத்துவமனைகளை நம்பியிருந்தோருக்கு வழி அடைபட்டது. தூய்மைப் பணியாளர்களுக்கோ ஊரடங்கே இல்லை. தொற்றுக்கு நடுவே வேலை.

வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது 2021 ஆகஸ்டில், இரண்டாம் அலை தணிந்த பிறகு. இனியொரு பெருந்தொற்றில் இணைநோய் என்று எழுதும் அறிக்கை, இறந்தவர் கடைசியாக மாத்திரை பெற்ற நாளையும் எழுதட்டும்.