தரவு வந்து சேர்ந்தது, சேவை வந்து சேரவில்லை: தளமாற்றத்துக்குப் பிந்தைய ஸ்மோக் டெஸ்ட்டின் வளர்ச்சி

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018இல் சந்தித்த தளமாற்றத் தோல்வியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஸ்லாட்டர் அண்ட் மே என்ற சட்ட நிறுவனத்தின் அறிக்கையிலிருந்தே தொடங்குகிறார்கள். வங்கியின் இயக்குநர் குழுவே கேட்டுப் பெற்ற அந்த அறிக்கை 2019 நவம்பரில் வெளியானது. அதன் மையமான முடிவுகள் இரண்டு: புதிய தளம் முழு வாடிக்கையாளர் கூட்டத்தையும் தாங்கும் நிலையில் இல்லை, அதை இயக்க வேண்டிய, வங்கியின் அப்போதைய தாய்க் குழுமமான சபடெலின் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான சபிஸும் அந்தப் பொறுப்புக்குத் தயாராக இல்லை. இரண்டையும் ஏற்கிறேன். காரணத்தை அந்த அறிக்கை எங்கே தேடுகிறது என்பதில்தான் எனக்கு மாறுபாடு.

அறிக்கையின் கவனம் பெரும்பாலும் மாற்றத்துக்கு முந்தைய மாதங்களின் மீது குவிகிறது. முடிவுத் தேதியை முதலில் குறித்துவிட்டுப் பின்னோக்கித் திட்டம் போட்டது, சோதனைக் கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியது, பெரும்பாலான வாடிக்கையாளர்களை ஒரே வார இறுதியில் மாற்றியது, இயக்குநர் குழு கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது என்று அது அடுக்கிச் செல்கிறது. ஆளுகைக் குறைபாட்டின் வரலாறாக இது வலுவானது. ஆனால் இப்படி வாசிக்கும்போது, மாற்றம் நடந்து முடிந்ததற்கும் வாடிக்கையாளர்களுக்குக் கதவைத் திறந்ததற்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரம் வெறும் விளைவாகச் சுருங்கிவிடுகிறது. அந்த இடைவெளிக்கு உரிய சோதனை, அமைப்பின் அடிப்படைச் செயல்கள் ஓடுகின்றனவா என்று விரைவாகப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட்; அதற்குத் தனி வரலாறு உண்டு. அதை வைத்துப் பார்த்தால் டிஎஸ்பி நிகழ்வின் பொருளும் மாறுகிறது.

மென்பொருள் துறையில் இந்தச் சோதனையைப் பரவலாக அறியச் செய்தவர்களில் ஸ்டீவ் மெக்கானல் முக்கியமானவர். 1996 ஜூலையில் ஐஇஇஇ சாஃப்ட்வேர் இதழில் அவர் எழுதிய பத்தி, நாள்தோறும் நிரலைத் தொகுத்து அன்றன்றே ஸ்மோக் டெஸ்ட் செய்யும் வழக்கத்தை விளக்கியது. அவர் காட்டிய உதாரணம் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் என்டி: 40,000 கோப்புகளில் 56 லட்சம் வரி நிரல், முழுத் தொகுப்புக்குப் பல கணினிகளில் 19 மணி நேரம்வரை பிடித்தது. இந்தச் சோதனை எல்லாவற்றையும் துருவிப் பார்க்க வேண்டியதில்லை; அமைப்பு முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தொட்டால் போதும்; அமைப்பு வளர வளரச் சோதனையும் வளர வேண்டும். இந்த மூன்றும் அவர் விதித்தவை. பின்னால் வந்தவர்கள் முதல் விதியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவதைக் கைவிட்டார்கள் என்பது என் கருத்து.

மெக்கானலின் பத்தியில் சோதிக்கப்படும் பொருள் அன்றைய நிரல் தொகுப்பு. ஓடிக்கொண்டிருக்கும் வணிகச் சேவை சோதனைப் பொருளாக மாறியது எப்போது? ஓர் ஆண்டைச் சுட்டுவது கடினம். நான் 2012ஐ எல்லைக்கல்லாக வைக்கிறேன்; அதுவும் தற்காலிகமாகத்தான். அந்த ஜூனில் ஆர்பிஎஸ் வங்கிக் குழுமம், வாடிக்கையாளர் கணக்குகளை இரவில் புதுப்பிக்கும் தொகுதிச் செயலாக்க மென்பொருளை மேம்படுத்தியது. சிக்கல் தெரிந்ததும், விளைவைச் சோதிக்காமலேயே புதிய பதிப்பை நீக்கியது. இரண்டு பதிப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை என்பது அப்போது உணரப்படவில்லை. பிரிட்டனில் மட்டும் 65 லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2014 நவம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் மொத்தம் 5.6 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. பழைய நிலைக்குத் திரும்புவதும் ஒரு மாற்றம்தான், அதற்கும் ஸ்மோக் டெஸ்ட் வேண்டும் என்பது அங்கே கற்க வேண்டியிருந்த பாடம். ஆறு ஆண்டுகளில் அது எவ்வளவு தூரம் பரவியது என்பதற்கு டிஎஸ்பி சாட்சி.

2018 ஏப்ரல் 20 முதல் 22 வரையிலான வார இறுதியில், லாயிட்ஸ் குழுமத்தின் தளத்தில் இருந்த சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் தரவு, ஸ்பெயினின் சபடெல் குழுமம் உருவாக்கிய புதிய தளத்துக்கு மாறியது. ஞாயிறு மாலை சேவை திறந்ததுமே கோளாறுகள் தொடங்கின. உச்சத்தில் 19 லட்சம் பேர்வரை இணைய வங்கிச் சேவைக்குள் நுழைய முடியவில்லை. சிலருக்குப் பிறருடைய கணக்கு விவரம் தெரிந்தது. வாடிக்கையாளர்கள் தவித்துக்கொண்டிருந்த அந்த நாட்களிலேயே, தளமாற்றம் வெற்றிகரமாக முடிந்ததாக சபடெல் அறிவித்தது. இதைப் பொய் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் 2022 டிசம்பரில் அபராதம் விதித்த எஃப்சிஏ, பிஆர்ஏ ஆகிய ஒழுங்குமுறை அமைப்புகளும் தரவு சரியாகவே இடம் மாறியது என்று ஒப்புக்கொண்டன. உடனடியாகத் தவறியது தளம்தான் என்றன. ஆகவே அந்த அறிவிப்பு தன்னளவில் ஓர் உண்மையைச் சொன்னது. முடிந்துவிட்டது என்று சொல்வதற்கான அளவுகோலாகத் தரவு நின்றது; சேவை நிற்கவில்லை. புது வீட்டுக்குச் சாமான்கள் எண்ணிக்கை குறையாமல் வந்துவிட்டனவா என்பதும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்பதும் ஒரே கேள்வி ஆகாது.

இந்த வாசிப்புக்கு நான் பெரிதும் சார்ந்திருப்பது ஒரு சிறிய ஆவணத்தை. நெருக்கடிக்கு நடுவே அழைக்கப்பட்ட ஐபிஎம் நிறுவனம் 2018 ஏப்ரல் 29 தேதியிட்டுத் தயாரித்த முதல்கட்டக் குறிப்பு அது. அதே ஆண்டு ஜூனில் நாடாளுமன்றத்தின் கருவூலக் குழு அதை வெளியிட்டது. உள்ளே நுழைந்த சில நாட்களுக்குள் எழுதப்பட்ட ஆரம்பக் கணிப்புதான் என்று வங்கி அதன் மதிப்பைக் குறைத்துப் பேசியது. அந்த மறுப்பில் நியாயம் உண்டு. இந்தக் குறிப்பை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் அதன் இரண்டு கூற்றுகள் பின்வந்த விசாரணைகளைக் கடந்தும் நிற்கின்றன. தளம் நேரடிப் பயன்பாட்டுக்குத் தயார் என்று காட்டும் கறாரான நிபந்தனைகள் பின்பற்றப்பட்டதற்குச் சான்று தெரியவில்லை என்பது ஒன்று. இரண்டு தரவு மையங்களும் ஒரே நேரத்தில் இயங்கும் அமைப்புக்கு ஈடான சோதனைச் சூழல் இல்லாததால், அவற்றுக்கிடையே சுமையைப் பகிர்வதில் சிக்கல் எழுந்தது என்பது மற்றொன்று.

இரண்டாவது கூற்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஸ்லாட்டர் அண்ட் மே அறிக்கையும், சுமைச் சோதனை ஒரு தரவு மையத்தில் மட்டுமே நடந்தது என்பதைப் பதிவு செய்கிறது. அதை விடுபட்ட முன்சோதனையாக வகைப்படுத்துகிறது. அதன் தாக்கம் அத்தோடு முடியவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு மையங்களும் இயங்கும் அமைப்பில், சோதிப்பவரின் கோரிக்கை எந்த மையத்துக்குப் போகும் என்பதைச் சுமைப் பகிர்வி தீர்மானிக்கிறது. ஒருவர் உள்நுழைந்து, இருப்பைப் பார்த்து, 10 பவுண்டு அனுப்பி, வெளியேறினால் சோதனைப் பட்டியலில் நான்கு வரிகளும் பச்சையாகிவிடும். அந்தக் கோரிக்கை மற்ற மையத்தின் வழியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தப் பச்சை சொல்வதில்லை. இரு வழிகளிலும் தனித்தனியே நடத்தாத ஸ்மோக் டெஸ்ட், மெக்கானல் சொன்ன முனைக்கு முனை என்ற இரண்டாவது விதியையே நிறைவேற்றவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஸ்மோக் டெஸ்ட் இயல்பிலேயே இலேசானது. லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழையும் நெரிசலை அது எப்படிக் காட்டும்? நெரிசலை அதனால் காட்ட முடியாதுதான். அதனாலேயே கதவைப் படிப்படியாகத் திறப்பது இந்தச் சோதனையின் ஒரு பகுதியாகிறது. முதலில் ஊழியர்கள், அடுத்து ஒரு சிறு கூட்டம், பிறகு பெரிய கூட்டம். ஒவ்வொரு படியிலும் அதே சோதனை, அதே நிறுத்தும் அதிகாரம். டிஎஸ்பியில் ஊழியர்களைக் கொண்ட முன்னோட்டம் நடந்தது. அதற்கடுத்த படி மிகப் பெரியது. ஒரே வார இறுதியில் மாற்றியதை அறிக்கை ஆபத்தைக் கூட்டிய முடிவாகப் பார்க்கிறது. உண்மையான வாடிக்கையாளர்களைக் கொண்டு ஸ்மோக் டெஸ்ட் நடத்தும் வாய்ப்பையே அது பறித்தது என்று நான் வாசிக்கிறேன். இதற்கு நேரடி ஆவணம் குறைவு. நிகழ்வுகளின் வரிசையே என் ஆதாரம். ஆயினும் தரவு சரி, தளம் தவறு என்ற ஒழுங்குமுறை அமைப்புகளின் முடிவு இந்த வாசிப்போடுதான் நன்றாகப் பொருந்துகிறது.

நிகழ்வுக்குப் பிந்தைய வரலாறும் இதே திசையில் செல்கிறது. டிஎஸ்பி இயல்புநிலைக்குத் திரும்ப 2018 டிசம்பர் ஆனது, அபராதம் 4.865 கோடி பவுண்டு. 2023இல் முன்னாள் தகவல் தொழில்நுட்பத் தலைவருக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு. இவற்றைவிட முக்கியம், 2022 மார்ச் 31 அன்று பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த செயல்பாட்டு மீள்திறன் விதிகள். நிதி நிறுவனங்கள் தம் முக்கிய வணிகச் சேவைகளை அடையாளம் கண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் தடைபடலாம் என்ற எல்லையைக் குறிக்க வேண்டும் என்று அவை கோருகின்றன. சர்வரையோ தரவுத்தளத்தையோ அலகாகக் கொள்ளாமல் சேவையை அலகாகக் கொண்டது பெரிய நகர்வு. இந்த விதிகள் டிஎஸ்பியால் மட்டுமே பிறந்தவை என்று சொல்ல மாட்டேன். அந்தத் தோல்வியின் பாடம் அவற்றில் இருக்கிறது என்று சொல்லலாம்.

தளமாற்ற இரவுகளில் சென்னையிலும் கோவையிலும் அமர்ந்து அயல்நாட்டு வங்கிகளுக்காக இந்தப் பட்டியல்களை நிறைவேற்றுவோர் நம்மிடையே பலர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தரவு ஒப்பீட்டு அறிக்கையை முடிவுச் சான்றாக ஏற்காதீர்கள். ஒவ்வொரு வழியிலும் ஒரு பணப்பரிமாற்றம் முழுதாகச் சென்று சேர்ந்ததா என்று பாருங்கள். முடிந்தது என்ற கையெழுத்தைச் சேவைக்கு உரியவரிடமே கேட்டு வாங்குங்கள்.