கஞ்சித்தொட்டி முதல் பள்ளிப் பந்தி வரை

இராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வாழும் நம் முதியோர் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே வழங்குவர். அப்பெயர் எவ்வாறு வந்தது என்று நம் மாலை வகுப்பில் ஒரு சிறுவன் வினவினான். அருகிலிருந்த பிள்ளைகள் சிலர் சிரித்தனர். கஞ்சிக்குக் கையேந்தி நிற்பது இழிவு என்னும் எண்ணமே அச்சிரிப்பின் பொருள். வெள்ளி விழாக் காணும் இவ்வாண்டில் அவ்வினாவுக்குரிய விடையை எழுதி வைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

ஐதர் அலியுடன் நடந்த போரும் பஞ்சமும் நாட்டுப்புறத்தை வாட்டிய காலத்தில், 1782ஆம் ஆண்டு, சென்னையில் நன்கொடை திரட்டிக் கஞ்சி வார்க்கும் சாலை ஒன்று ஏற்பட்டது. அதுவே மணியக்காரர் சத்திரம். 1799இல் அதன் சார்பில் நோயாளிகளுக்கென ஒரு மருத்துவ விடுதி தோன்றியது. அதுவே வளர்ந்து, பிற்காலத்தில் ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. கஞ்சித்தொட்டி எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கு உண்டவன் இரவலனே. கொடுப்பவர் கையை மடக்கிக்கொண்டால், ‘ஏன்?’ என்று கேட்கும் உரிமை அவனுக்கு இல்லை.

அந்நிலையின் கொடுமையை 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் காட்டிற்று. அப்பஞ்சத்தில் மாண்டோர் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகிறது. உணவே நாட்டில் இல்லையோ எனில், அன்று. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த தானியம் நம் சென்னைக் கடற்கரையில் இறங்கியது. ஆனால் வாங்கக் காசில்லாதவனுக்கு அது எட்டாக்கனி. நிவாரண வேலைக்கு வந்த கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறு காசும் போதுமென 1877இல் ரிச்சர்டு டெம்பிள் வரையறுத்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். எண்ணூர் வழியே வரும் நம் பக்கிங்ஹாம் கால்வாயில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி அப்பஞ்ச காலத்தில் பசித்த கைகள் வெட்டியதேயாகும்.

ஆகவே பசி தலைவிதியன்று, பசித்தவனின் குற்றமுமன்று. நிலமும் கூலியும் யாரிடம் உள்ளன, சட்டத்தை எழுதுவோர் யார் என்பதே பசியை நிர்ணயிக்கிறது. நிலமற்ற நம் முன்னோரே முதலில் வீழ்ந்தனர். இதை நன்குணர்ந்த அயோத்திதாசப் பண்டிதர் 1892இல் சென்னை மகாசன சபையில் கஞ்சி கேட்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், நம் மக்களுக்குத் தரிசு நிலமும் கேட்டார். 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பகுதியில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி திறந்தார்.

பள்ளி திறந்தால் மட்டும் போதுமா? வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறுவதில்லை. அந்த உண்மையை அரசியலில் ஏற்றவர் நம் வடசென்னை வண்ணாரப்பேட்டையைச் சார்ந்த பிட்டி தியாகராயர். அவர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி 1920 செப்டம்பர் 16 அன்று, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. எனினும் 1925 ஏப்ரலில், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட இயலாதென ஆங்கில அரசு தடுத்துவிட்டது.

இதற்கிடையே நிகழ்ந்த மற்றொன்றையும் நாம் மறைத்தலாகாது. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் நம் மக்களின் குடிசைகள் தீக்கிரையாயின. நம் தலைவர் எம்.சி. ராஜா 1923இல் நீதிக்கட்சியினின்றும் விலகினார். சோறு கிடைத்ததனால் நீதியும் கிடைத்துவிட்டதாகக் கருதலாகாது என்பதே இதன் படிப்பினை.

விடுதலைக்குப் பின் 1956இல் காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் துணையோடு, மதிய உணவுத் திட்டம் மக்கள் நன்கொடையால் தொடங்கிற்று. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 2001 நவம்பர் 28 அன்று உச்சநீதிமன்றம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகள் அனைத்திலும் சமைத்த உணவு வழங்க வேண்டுமென நாடு முழுவதற்கும் ஆணையிட்டது. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைச் சட்ட உரிமையாக்கியது. 2022 செப்டம்பர் 15 அன்று தமிழகத்தில் காலை உணவும் வந்தது. விடியுமுன் துறைமுகத்திற்கும் ஆலைக்கும் மீன் சந்தைக்கும் புறப்படும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியும்.

எனினும் பந்தியில் இன்னும் சாதி அமர்ந்திருக்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், நம் சமூகத்துப் பெண்ணொருவர் சத்துணவு சமைப்பதைச் சிலர் எதிர்த்தனர். அவர் பணிய மறுத்தார், வழக்குப் பதிவாயிற்று. இரவலாயிருந்த கஞ்சியை உரிமையாக்க நூற்றாண்டுகள் ஆயின; அவ்வுரிமைச் சோற்றைச் சமைக்கும் கைக்குரிய மதிப்பை நாம் இன்னும் ஈட்டியாக வேண்டும்.

ஆகவே நம் இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள் விடுக்கிறோம். மாலை வகுப்பில் சுண்டல் பகிரும்போது பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர்த்துங்கள். முறை வைத்து அவர்களே பரிமாறட்டும். கொடுப்பவன் உயர்ந்தவன், பெறுபவன் தாழ்ந்தவன் என்னும் எண்ணம் முளையிலேயே கருகும். பள்ளியில் உணவு குறைந்தாலோ தடைப்பட்டாலோ எவரிடம் மனுக் கொடுப்பது என்பதை அவர்களுக்குக் கற்பியுங்கள். தெருவில் எவர் வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதை அறிந்து, பிறரறியாமல் உதவுங்கள்.

அன்று வினவிய சிறுவனுக்கு இவ்வரலாற்றைச் சொன்னோம். கேட்டு முடித்தபின் அவன், ‘அப்படியானால் நாம் வெட்கப்பட வேண்டியதில்லையா?’ என்றான். இல்லை, தம்பி. பிள்ளைகளைப் பசிக்க விட்டவர்களே வெட்கப்பட வேண்டும். முன்பு சிரித்த பிள்ளைகளும் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.