மால்குடியின்மீது ஒரு குற்றச்சாட்டு

தாயகத்தை விட்டுத் தொலைதூர நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஆர். கே. நாராயண் அயலார் அல்லர். 1906-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்து, பின்னர்த் தந்தையார் தலைமையாசிரியராக இருந்த மைசூரைத் தம் ஊராக்கிக்கொண்டவர் அவர். வீட்டில் தமிழும், வீதியில் கன்னடமும், எழுத்தில் ஆங்கிலமுமாக அமைந்தது அவர் வாழ்வு. நம் காலனிப் பிள்ளைகளின் வாழ்வும் ஏறத்தாழ அத்தகையதே. ஆதலின் அவருடைய நாவல்களின்மீது சுமத்தப்பட்ட பெரிய குற்றச்சாட்டு ஒன்றை நாம் சீர்தூக்கிப் பார்ப்பது பொருத்தமாகும்.

குற்றம் சாட்டியவர் வி. எஸ். நைபால். 1932-இல் டிரினிடாட் தீவில், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் வழியில் பிறந்தவர். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர். 1975-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட பின்னர் அவர் இந்தியாவுக்கு வந்து சுற்றிப் பார்த்தார். அதன் விளைவாக 1977-இல் வெளிவந்தது 'இந்தியா: எ வூண்டட் சிவிலிசேஷன்' என்ற நூல். அதன் முதற்பகுதியிலேயே நாராயணின் இரண்டு நாவல்களை அவர் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்.

முதலாவது, 1949-இல் வெளிவந்த 'மிஸ்டர் சம்பத்'. அதில் சீனிவாசன் என்னும் பத்திரிகையாசிரியன், பித்துப் பிடித்த ஓவியன் ஒருவனுக்குப் பேயோட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கையில், இராமபிரான் காலம் முதல் வெள்ளையர் காலம் வரை அந்த மண்ணின் வரலாறு முழுவதும் கண்முன் விரிவதாக உணர்கிறான். எல்லாம் வந்து போகும். பித்தும் தெளியும் என அமைதி கொள்கிறான். இரண்டாவது, 1967-இல் வெளிவந்த 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்'. விடுதலைப் போரில் அடிபட்ட மிட்டாய்க் கடைக்காரர் ஜகன், கதை எழுதும் இயந்திரத்தோடு அமெரிக்காவிலிருந்து திரும்பிய மகன் மாலியோடு ஒத்துப்போக இயலாமல், ஆற்றுக்கு அப்பாலுள்ள தோப்புக்கு ஒதுங்கிவிடுகிறார்.

இவ்விரண்டையும் இணைத்து நைபால் ஒரு முடிவு கூறுகிறார். ஒதுங்கிக்கொள்ளுதலே நாராயணின் நாவல்களில் மீண்டும் மீண்டும் வரும் கருப்பொருள். அது தோல்வியுற்ற ஒரு நாகரிகத்தின் பழைய நோய். உலகை மாற்ற முயலாமல் கண்ணை மூடிக்கொள்வதையே இந்து சமூகம் ஞானம் என்று கொள்கிறது. இதுவே அவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தில் உண்மை இல்லையென்று தள்ளிவிட முடியாது. மால்குடியில் குழப்பம் வெளியிலிருந்து வரும். சிறிது காலம் ஆட்டிவைக்கும். பின்னர் ஊர் தன் பழைய நிலைக்குத் திரும்பும். 1961-இல் வெளிவந்த 'தி மேன்-ஈட்டர் ஆஃப் மால்குடி'யில் வரும் வாசு, பஸ்மாசுரனைப் போலத் தன் கையாலேயே மடிகிறான். ஊரார் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஜகனின் காந்தியமோ இராட்டையிலும் உணவுக் கட்டுப்பாட்டிலும் சுருங்கிவிட்டது. கடை வருமானத்தில் ஒரு பகுதியை அவர் வரிக்கணக்கில் காட்டுவதுமில்லை. இதைக் குத்திக் காட்டியதில் நைபால் தவறவில்லை.

ஆனால் அதை முதலிற் கண்டவர் யார்? நாராயணே அல்லரோ! ஜகனைப் பார்த்து நம்மை நகைக்க வைத்தவர் அவர்தாம். பாத்திரத்தின் குறையை ஆசிரியரின் குறையாகவும், ஆசிரியரின் குறையை ஒரு நாட்டின் குறையாகவும் ஏற்றிச் சொல்வது திறனாய்வு ஆகாது. மேலும், சீனிவாசன் அந்தக் காட்சியோடு துறவு பூண்டுவிடவில்லை. நின்றுபோன தன் பத்திரிகையை வேறோர் அச்சகத்தின் துணையோடு மீண்டும் நடத்துகிறான். ஜகனும் காசோலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டே தோப்புக்குப் போகிறார். சிறைப்பட்ட மகனுக்கு வழக்கறிஞர் செலவையும், மகனை நம்பி உடன் வந்த கிரேஸ் என்னும் பெண் ஊர் திரும்பப் பயணச் செலவையும் தாமே ஏற்கிறார். அரைகுறைத் துறவு என்று இதனை நகைக்கலாம். அரைகுறையாக இருப்பதனாலேயே அது மனிதத் தன்மை உடையது என்பது நம் கருத்து.

வாதத்துக்கு ஒத்துவராத நாவல்களும் உள. 1938-இல் வெளிவந்த 'தி டார்க் ரூம்' அவற்றுள் ஒன்று. கணவனின் துரோகம் பொறாமல் வீட்டை விட்டு வெளியேறிய சாவித்திரி, ஆற்றில் விழுந்து, மாரி என்பவனால் காப்பாற்றப்பட்டு, கோவிலில் கூலிவேலை செய்து பார்த்து, குழந்தைகளின் நினைவு தாளாமல் திரும்புகிறாள். பின்னொரு நாள் தெருவிற் போகும் மாரியை அழைக்க எண்ணி, அழையாமலே நின்றுவிடுகிறாள். பழைய நிலைக்குத் திரும்புதல் இங்கே ஞானமும் அன்று, அமைதியும் அன்று. தனக்கென வருவாய் இல்லாத ஒரு பெண்ணின் தோல்வி. திரும்புவதற்கு என்ன விலை கொடுக்க நேர்கிறது என்பதை நாராயண் மறைக்கவில்லை.

நைபாலின் நூலுக்கு ஓராண்டு முன்னர், 1976-இல், 'தி பெயின்டர் ஆஃப் சைன்ஸ்' வெளிவந்தது. அதன் நாயகி டெய்சி ஊர் ஊராகச் சென்று குடும்பக் கட்டுப்பாட்டைப் பரப்புகிறவள். தன் பணிக்காகக் காதலனையே விட்டுச் செல்கிறவள். ஒதுங்குதலையன்றி வேறு பொருள் அறியாத ஆசிரியர் இத்தகைய பெண்ணைப் படைத்திருப்பாரா?

நம் முடிவு இதுதான். நைபால் கண்ட கருப்பொருள் உண்மை. அதற்கு அவர் கற்பித்த காரணம் பிழை. ஆசிரியர் மீண்டும் மீண்டும் ஒன்றை எழுதுவது அதனைப் போற்றுவதற்காகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. அது அவரை விடாமல் வருத்துவதாலும் இருக்கலாம்.

இவ்வழக்கு நம் வீடுகளுக்கும் உரியது. கடல் கடந்து படித்துத் திரும்பும் மாலிகளும், அவர்கள் பேச்சு விளங்காமல் பூசையறைக்கு ஒதுங்கும் ஜகன்களும் நம் காலனியில் இல்லையா? தந்தையின் மௌனத்தைக் கோழைத்தனம் என்று மகனும், மகனின் வேகத்தை அகந்தை என்று தந்தையும் தீர்ப்புக் கூறுமுன், இருவரும் அந்த மிட்டாய்க் கடைக்காரரின் கதையை ஒருமுறை சேர்ந்து படிப்பாராக. நைபாலின் நூலையும் உடன் வைத்துக்கொள்வாராக. எதிர்வழக்கைக் கேளாமல் அளிக்கும் தீர்ப்பு, இலக்கியத்திலும் இல்லத்திலும் நில்லாது.