விசைப்படகுச் சீரமைப்பும் இயந்திர மாற்றமும்

விசைப்படகுச் சீரமைப்பு என்பது, உள்பொருத்து டீசல் இயந்திரத்தால் இயங்கும் பழைய மீன்பிடிப் படகின் உடற்பகுதியைச் செப்பனிட்டு, தேய்ந்த இயந்திரத்தை நீக்கி வேறொன்றைப் பொருத்தி, மீண்டும் கடலுக்கு ஏற்றதாக ஆக்கும் பணியாகும். தமிழ்நாட்டில் இப்பணி பெரும்பாலும் மீன்பிடித் தடைக்காலத்தில் சென்னை காசிமேடு, கடலூர், நாகப்பட்டினம், இராமேசுவரம், தூத்துக்குடி முதலிய துறைமுகங்களில் நடைபெறுகின்றது. கடற்கரையற்ற திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களில் இத்தொழில் இல்லை. அங்கு தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே உள்ள சாத்தனூர் நீர்த்தேக்கத்தில் பரிசல்களைக் கொண்டே மீன் பிடிக்கப்படுகின்றது.

வரலாறு

1950களுக்கு முன்னர் தமிழகக் கடற்கரையில் கட்டுமரம், வள்ளம், வத்தை முதலிய கலங்களே மீன்பிடிப்பில் பெரிதும் பயன்பட்டன. இவை பாயாலும் துடுப்பாலும் செலுத்தப்பட்டன. 1952 இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகியவற்றிற்கிடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கேரளத்தின் கொல்லம் அருகேயுள்ள நீண்டகரைப் பகுதியில் 1953 இல் இந்திய-நார்வேத் திட்டம் தொடங்கியது. அங்கு 22 முதல் 25 அடி நீளமுள்ள சிறு படகுகளில் டீசல் இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. ஐ. நா. உணவு வேளாண்மை அமைப்பின் படகு வடிவமைப்பாளர்களும் இந்தியாவுக்கு ஏற்ற வடிவங்களை வரைந்தளித்தனர். 1957 இல் கொச்சியில் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் படகு வடிவம், மரப் பாதுகாப்பு, வலை ஆகியவற்றில் ஆய்வு செய்தது. இழுவலை மீன்பிடிப்பு பெருகிய பின்னர், படகுகளின் நீளமும் இயந்திரங்களின் திறனும் தொடர்ந்து கூடின.

2004 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் உள்ளிட்ட மாவட்டங்களில் ஏராளமான விசைப்படகுகள் கரையில் தூக்கி எறியப்பட்டன. அடுத்து வந்த மாதங்களில் படகுச் சீரமைப்பே மீனவர் மறுவாழ்வின் முதன்மையான பணிகளுள் ஒன்றாக அமைந்தது.

தடைக்காலம்

மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்கும் பொருட்டு, கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்படுகின்றது. 2001 இல் இது 45 நாள்களாகத் தொடங்கியது. 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி சூன் 14 வரை 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. வருவாய் இல்லாத இக்காலத்திலேயே படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் செலவும் நேர்கின்றது. ஆகவே பல உரிமையாளர்கள் கடன் பெற்றே இப்பணியைச் செய்கின்றனர். தடை நீங்கும் நாளுக்குள் பணி முடியாவிடில், மீன் வளம் மிகுந்த முதல் வாரங்களின் வருவாயை இழக்க நேரிடும்.

உடற்பகுதியை ஆய்தல்

மரப் படகில் முதலில் பார்க்க வேண்டியவை, அடிமரமாகிய ஏரா, விலா எலும்பு போன்ற வங்குகள், இயந்திரத்தைத் தாங்கும் நீள் கட்டைகள் ஆகியனவாகும். சுத்தியலால் தட்டும்போது நல்ல மரம் கணீரென்றும், உளுத்த மரம் மந்தமாகவும் ஒலிக்கும். ஐயமுள்ள இடங்களில் கூர்மையான ஊசியால் குத்திப் பார்க்கலாம். மழைநீர் தேங்கும் அமரப் பகுதி, பனிக்கட்டி வைக்கும் மீன் அறையின் அடிப்பகுதி, துருப்பிடித்த இரும்பு ஆணிகளைச் சுற்றிய மரம் ஆகியவை விரைவில் கெடுகின்றன. கப்பற்புழு எனப்படும் மெல்லுடலி, வெளியே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே பலகையை அரித்துக் கூடாக்கிவிடும்.

பலகை இணைப்புகளில் பஞ்சுத் திரியைச் செலுத்தி நீர் புகாமல் அடைக்கும் வேலை கலப்பத்து எனப்படும். கரையேற்றிய மரப் படகை நெடுநாள் வெயிலில் விட்டால் பலகைகள் சுருங்கி இணைப்புகள் விரியும். மீண்டும் நீரில் இறக்கும்போது அவை ஊறிப் பருத்து மூடிக்கொள்ளும் வரை நீர் கசியும். மரத்தின்மீது கண்ணாடியிழை உறை போடுவதும் உண்டு. ஆனால் ஈரமான அல்லது உளுத்த மரத்தின்மீது உறை போட்டால், அழுகல் உள்ளே மறைந்து வளருமேயன்றி நிற்காது.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

திறன் மிகுந்த இயந்திரம் படகை அதே அளவுக்கு விரைவாக ஓட்டும் என்பது பரவலான கருத்தாகும். ஆயினும் நீரை இடம்பெயர்த்துச் செல்லும் கனத்த படகு, தானே எழுப்பும் அலையால் கட்டுப்படுத்தப்படுகின்றது. அதன் உச்ச வேகத்தைக் கடல்மைல் கணக்கில் அறிய, நீர்மட்ட நீளத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்கலாம். 12 மீட்டர் நீளத்திற்கு இது மணிக்கு ஏறத்தாழ 8.4 கடல்மைல் ஆகும். அந்த வேகத்தை நெருங்கிய பின் இயந்திரத் திறனை இருமடங்காக்கினாலும் எரிபொருள் செலவு கூடுமேயன்றி வேகம் சிறிதளவே உயரும். எனினும் வலையை இழுக்கும்போது வேகத்தைவிட இழுவிசையே முக்கியம் என்பதால், கூடுதல் திறனால் பெரிய வலையை இழுக்க முடிகின்றது. குதிரைத்திறன் போட்டிக்கு இதுவே காரணம்.

இப்போட்டியால் கடல் வளம் குறைவதுடன் சிறு படகுகளும் பாதிக்கப்படுகின்றன. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983 இன் கீழ் 2020 இல் வெளியிடப்பட்ட விதிகள், விசைப்படகின் நீளத்தை 24 மீட்டருக்குள்ளும் இயந்திரத் திறனை 240 குதிரைத்திறனுக்குள்ளும் வரையறுத்தன. இயந்திரத்தை மாற்றுபவர், அதன் எண்ணையும் திறனையும் மீன்வளத் துறைப் பதிவில் திருத்திக்கொள்ள வேண்டும்.

செலவைக் குறைக்கப் பழைய லாரி இயந்திரங்களைப் பொருத்தும் வழக்கமும் உண்டு. சாலையில் காற்றால் குளிரும் ரேடியேட்டர், படகின் அடைபட்ட அறையில் போதாது. அதற்குப் பதிலாக வெப்பமாற்றியோ, படகின் அடியில் பொருத்தப்படும் குளிர்விப்புக் குழாயோ தேவை. கடல்நீரை நேரடியாக இயந்திரத்தினுள் செலுத்தினால் உப்பு படிந்து நீர்வழிகள் அடைபடும்.

சுழல்தண்டும் உந்துவிசிறியும்

இயந்திரத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பல்லிணைப் பெட்டியையும் விசிறியையும் அப்படியே விடுவது பொதுவான தவறாகும். நிமிடத்திற்கு 1800 முறை சுழலும் இயந்திரத்துடன் 3:1 பல்லிணைப் பெட்டி இணைந்தால் தண்டு 600 முறை சுழலும். 5:1 எனில் 360 முறை சுழலும். மெதுவாகச் சுழலும் பெரிய விசிறியே இழுவைக்குச் சிறந்தது. ஆனால் அதன் நுனிக்கும் படகின் அடிக்கும் இடையே, விட்டத்தில் சுமார் 15% இடைவெளி வேண்டும். இன்றேல் அதிர்வு ஏற்படும்.

இயந்திரத்தையும் தண்டையும் ஒரே நேர்கோட்டில் அமைத்தல் மிக முக்கியமானதாகும். இறுதிச் சரிபார்ப்பைக் கரையில் செய்யலாகாது. நீரில் மிதக்கும்போது மரப் படகின் வளைவு மாறும். ஆதலின் படகை நீரில் இறக்கி, ஓரிரு நாள் கழித்து, இணைப்புத் தட்டுகளுக்கு இடையேயுள்ள இடைவெளியை மேல், கீழ், இடம், வலம் என நான்கு திசைகளிலும் அளக்க வேண்டும். வேறுபாடு தட்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இருத்தல் நன்று. 100 மி.மீ. தட்டுக்கு இது 0.1 மி.மீ. ஆகும்.

கடலோட்டச் சோதனை

முழு விசையில் இயந்திரம் தனக்குக் குறிக்கப்பட்ட சுழற்சி வேகத்தை எட்ட வேண்டும். எட்டாமல் கரும்புகை வந்தால் விசிறி அளவுக்கு மீறியது. எளிதில் மிஞ்சினால் விசிறி சிறியது. எண்ணெய் அழுத்தம், குளிர்நீர் வெப்பநிலை, தண்டுக்குழாயின் கசிவு ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

பாதுகாப்பும் எதிர்காலமும்

பாக்கு நீரிணையில் இயந்திரக் கோளாறு வெறும் செலவு மட்டுமன்று. 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்பாடுகளால் வரையறுக்கப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லை அங்கு மிக அருகில் உள்ளது. இயந்திரம் நின்ற படகு காற்றாலும் நீரோட்டத்தாலும் எல்லையைக் கடந்தால், மீனவர் கைதாகவும் படகு பறிமுதலாகவும் நேரிடலாம். இலங்கை 2017 இல் அடிமட்ட இழுவலை மீன்பிடிப்பைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் இந்தியா, பாக்கு விரிகுடா இழுவைப் படகுகளை ஒப்படைத்து ஆழ்கடல் தூண்டில் படகுகளைப் பெறும் மானியத் திட்டத்தைத் தொடங்கியது.

எனவே பழைய படகொன்றைச் செப்பனிடும் முன், ஏராவும் வங்குகளும் உறுதியாக உள்ளனவா என்பதுடன், அப்படகு செய்யும் மீன்பிடிப்பு முறை தொடர்ந்து அனுமதிக்கப்படுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. அடிமரம் கெட்ட படகில் புதிய இயந்திரம் பொருத்துவது, இயந்திரத்திற்கும் அதில் செல்லும் மீனவருக்கும் கேடாகவே முடியும்.