ஸர்க்கில் எழுந்த வாதம்

மதீனாவிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்ட பயணக் கூட்டம் ஒன்று, ஹிஜாஸும் ஷாமும் சந்திக்கும் எல்லையிலுள்ள ஸர்க் என்னும் இடத்தில் வந்து இறங்கியது. கூட்டத்தின் தலைவர் இரண்டாம் கலீபா உமர் (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 17 ஆம் ஆண்டு என்பர் சிலர். 18 என்பர் வேறு சிலர். ஷாமின் படைத்தலைவர்கள் கலீபாவை எதிர்கொள்ள அங்கு வந்திருந்தனர். அவர்களுள் முதன்மையானவர், “இச்சமுதாயத்தின் நம்பிக்கைக்குரியவர்” என நபிகள் நாயகம் (ஸல்) அவர்களால் பாராட்டப்பெற்ற அபூ உபைதா (ரலி) அவர்கள். அவர்கள் கொண்டுவந்த செய்தி ஒன்றுதான்: ஷாமில் தாஊன் என்னும் கொள்ளைநோய் தோன்றிவிட்டது.

அந்தச் செய்தி ஏன் அவ்வளவு கனத்தது என்பதை அறிய அக்காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். யர்மூக் போர் நடந்து (கி.பி. 636) மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பைத்துல் முகத்தஸ் நகரம் சமாதானமாகக் கைக்கு வந்தது அதற்கும் பின்னர்தான். தோற்றுப் பின்வாங்கிய ரோமப் பேரரசு வடக்கே இன்னும் உயிரோடிருந்தது. கடல் அவர்கள் வசம் இருந்தது. முஸ்லிம் படைகள் பாளையங்களில் நெருங்கி வாழ்ந்தன. பைத்துல் முகத்தஸிலிருந்து கடற்கரைச் சமவெளிக்கு இறங்கும் வழியிலுள்ள அம்வாஸ் என்ற ஊரின் பெயரையே வரலாறு அந்நோய்க்குச் சூட்டிவிட்டது. படையை எடுத்துவிட்டால் நாடு கைவிட்டுப் போகலாம். விட்டுவைத்தால் படையே மாண்டு போகலாம். அதே ஹிஜ்ரி 18 இல்தான் ஹிஜாஸையும் கொடும் பஞ்சம் வாட்டியது. ஆட்சி, போர், மக்கள் நலம் ஆகிய மூன்றும் பின்னிப் பிணைந்த முடிச்சொன்று கலீபாவின் முன் வந்து விழுந்தது.

அந்நோய் புதியதன்று. கி.பி. 541 இல் எகிப்தின் துறைமுகமொன்றில் தோன்றி, ஜஸ்டினியன் பேரரசனின் தலைநகரையே உலுக்கிய பிளேக், ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் அலையலையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவ்வலைகளுள் ஒன்றே அம்வாஸ். அதன் கிருமியை ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டறிந்தது 1894 இல். எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே அதனைப் பரப்புகிறதெனக் கராச்சியில் பால் லூயி சிமோன் காட்டியது 1898 இல். ஸர்க்கில் கூடியிருந்தோரிடம் இவ்வறிவு எதுவுமில்லை. ஆயினும் முடிவெடுத்தாக வேண்டியிருந்தது.

உமர் (ரலி) அவர்கள் எடுத்த எடுப்பில் கட்டளையிடவில்லை. முதலில் ஹிஜ்ரத் செய்த மூத்த முஹாஜிர்களை அழைத்து வருமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். இந்நிகழ்ச்சியை நமக்கு அறிவிப்பவரும் அவரே; புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியுள்ளது. முஹாஜிர்கள் இரு கூறாயினர். எடுத்த காரியத்தை முடிக்காமல் திரும்பலாகாது என்றனர் ஒரு சாரார். எஞ்சியுள்ள நபித்தோழர்களையும் மக்களையும் நோயின் வாயில் கொண்டுபோய் நிறுத்தலாகாது என்றனர் மறு சாரார். அவர்களை அனுப்பிவிட்டு அன்ஸார்களை அழைத்தார்கள் கலீபா. அவர்களும் அவ்வாறே இரு கூறாயினர். இறுதியாக, மக்கா வெற்றியின்போது ஹிஜ்ரத் செய்த குறைஷிப் பெரியவர்களை அழைத்தார்கள். அவர்களில் இருவர்கூட மாறுபடவில்லை. திரும்பிவிடுவதே நன்று என்றனர். சிறப்பில் முந்தியவர்களிடையே கருத்து மாறுபட்டிருக்க, பிந்தி வந்த முதியவர்களின் ஒருமித்த சொல்லைக் கலீபா ஏற்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது. காலையில் மதீனாவுக்குப் புறப்படுவதாக அறிவித்தார்கள்.

அப்போதுதான் அபூ உபைதா (ரலி) அவர்கள் எழுந்தார்கள். அல்லாஹ் விதித்ததிலிருந்து ஓடுவதா என்று வினவினார்கள். கலீபாவின் முகத்துக்கு நேரே, எல்லார் முன்னிலையிலும் எழுந்த வினா அது. உமர் (ரலி) அவர்களின் கண்டிப்பு உலகறிந்தது. ஆனால் அன்று அவர்கள் சினக்கவில்லை. இச்சொல்லை உம்மையன்றி வேறொருவர் சொல்லியிருக்கக்கூடாதா என்று வருந்தினார்கள். பின்னர், ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதியின்பால்தான் செல்கிறோம் என விடையிறுத்து, ஓர் உவமையும் சொன்னார்கள். ஒருவர் தம் ஒட்டகங்களோடு ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறார். ஒரு சரிவு பசுமையானது; மறு சரிவு வறண்டது. எதில் மேய்த்தாலும் அது இறைவனின் விதிப்படிதானே? பாலைநிலத்து மனிதர் எவருக்கும் இவ்வுவமை உடனே விளங்கும். விதியை நம்புவது, கண் முன் கிடக்கும் பசும்புல்லைக் காணாதிருப்பதற்கு ஒரு சாக்காகாது.

ஏதோ அலுவலாக அப்பால் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அந்நேரம் வந்து சேர்ந்தார்கள். இதுபற்றித் தம்மிடம் ஓர் அறிவு உண்டென்று கூறி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து தாம் கேட்டதை எடுத்துரைத்தார்கள். ஓர் ஊரில் கொள்ளைநோய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்குச் செல்ல வேண்டா. நீங்கள் இருக்கும் ஊரில் அது தோன்றிவிட்டால் அதற்கஞ்சி அங்கிருந்து வெளியேறவும் வேண்டா. இதுவே அந்நபிமொழியின் கருத்து. உமர் (ரலி) அவர்கள் இறைவனைப் புகழ்ந்துவிட்டு மதீனா திரும்பினார்கள்.

வழக்கமாக இக்கதையை நாம் இவ்விடத்தில் முடித்துவிடுகிறோம். உமர் (ரலி) அவர்கள் வென்றார்கள், அபூ உபைதா (ரலி) அவர்கள் தோற்றார்கள் என்பதுபோல ஓர் எண்ணம் கேட்போர் உள்ளத்தில் தங்கிவிடுகிறது. அது சரியன்று. அந்த நபிமொழிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. நோயுள்ள ஊருக்கு வெளியே நின்ற கலீபாவுக்கு முதற்பகுதி உரியது. நோயுள்ள நாட்டில் தம் படையை விட்டுவந்த தளபதிக்கு இரண்டாம் பகுதி உரியது. ஒருவர் நுழையாமல் திரும்பினார். மற்றவர் வெளியேறாமல் திரும்பினார். இருவரும் ஒரே கட்டளைக்குப் பணிந்து, எதிரெதிர்த் திசைகளில் சென்றார்கள்.

மதீனா திரும்பிய கலீபாவின் உள்ளம் ஷாமிலேயே இருந்தது. தமக்குப் பின் கலீபாவாகத் தக்கவர் என அவர்கள் கருதியவர்களுள் அபூ உபைதா (ரலி) அவர்களும் ஒருவர். ஆகவே அவசர அலுவல் ஒன்றுண்டு, உடனே புறப்பட்டு வருக என மடல் விடுத்தார்கள். அலுவல் இன்னதென அதில் சொல்லவில்லை. படித்ததும் அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு விளங்கிவிட்டது. தாம் முஸ்லிம்களின் படை நடுவே இருப்பதாகவும், அவர்களை விட்டுத் தம்மை மட்டும் காத்துக்கொள்ள விரும்பவில்லையென்றும், தம்மை விட்டுவிடுமாறும் மறுமொழி எழுதினார்கள். அதைப் படித்த உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். அபூ உபைதா இறந்துவிட்டாரா என்று சூழ இருந்தோர் கேட்க, இல்லை, இறந்தவர் போலத்தான் என்றார்களாம்.

அத்தோடு கலீபா கைகட்டி இருந்துவிடவில்லை. தாழ்வான ஈர நிலத்திலிருந்து படையை உயர்ந்த, தூய காற்றுள்ள இடத்துக்கு மாற்றுமாறு இரண்டாம் மடலை அனுப்பினார்கள். அதற்கான ஏற்பாடுகள் நடக்கும்போதே அபூ உபைதா (ரலி) அவர்களை நோய் பற்றிக்கொண்டது. அவர்கள் மறைந்தபின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் மறைந்தார்கள். யஸீத் இப்னு அபீ ஸுஃப்யான் (ரலி) அவர்களையும் அந்நோயே கொண்டுபோயிற்று. அம்வாஸில் மாண்ட முஸ்லிம்கள் 25,000 பேர் என்பது வரலாற்று நூல்களில் வழங்கும் கணக்கு.

அடுத்துப் பொறுப்பேற்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களைக் கூட்டிப் பேசினார்கள். இந்நோய் நெருப்பைப் போலப் பரவுகிறது. ஆகவே மலைகளுக்குச் சென்று சிதறியிருங்கள் என்றார்கள். உடனே எதிர்ப்பு எழுந்தது. தோழர் ஒருவர், தாம் நபியவர்களோடு இருந்த நாளில் அம்ரு இருந்த நிலையைச் சுட்டி, தம் கழுதையோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். அம்ரு (ரலி) அவர்கள் சொல்வன்மையில் இணையற்றவர். நினைத்திருந்தால் சுடச்சுட விடையளித்திருக்கலாம். ஆனால், நீர் சொன்னதற்கு நான் மறுமொழி சொல்லப்போவதில்லை, ஆனால் இங்கே தங்கியிருக்கவும் போவதில்லை என்ற பொருள்பட உரைத்துவிட்டு மக்களோடு புறப்பட்டார்கள். மக்கள் மலைகளில் கலைந்தனர். நோய் தணிந்தது. செய்தி கேட்ட கலீபா அதனை வெறுக்கவில்லை என்கிறார் தபரி.

ஸர்க்கின் வாதம் அங்கேயே முடிந்துவிடவில்லை. நூற்றாண்டுகள் தாண்டியும் ஒலித்தது. 1348 இல் கருஞ்சாவு அண்டலூஸை அடைந்தபோது, கிரனடாவின் அமைச்சரும் மருத்துவருமான இப்னுல் கதீப், நோய் தொற்றுவது அனுபவத்தாலும் கண்கூடான சான்றாலும் நிலைநாட்டப்பட்டதென எழுதினார். நோயாளியின் ஆடை, பாத்திரம், காதணி ஆகியவை வழியாகவும் அது பரவுவதைச் சுட்டினார். தொற்று என்பதில்லை என்று பொருள்படும் நபிமொழியை எடுத்துக்காட்டி மறுத்தவர்களுக்கு, புலன்கள் உறுதியாகக் காட்டுவதற்கு ஓர் அறிவிப்பு முரண்படுவதுபோல் தோன்றினால் அதற்குத் தக்க விளக்கம் காண்பதே கடன் என்றார். நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ளவற்றோடு சேர்க்கலாகாது என்று தடுக்கும் நபிமொழியும் உண்டல்லவா?

கெய்ரோவின் ஹதீஸ் பேரறிஞர் இப்னு ஹஜர் அஸ்கலானி, தம் புதல்வியர் மூவரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். தாஊன் பற்றித் தனி நூலே எழுதினார். தொற்றுக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. ஆயினும் ஹிஜ்ரி 833 இல் (கி.பி. 1430) கெய்ரோவில் தாம் கண்டதை மறைக்காமல் எழுதிவைத்தார். நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானவர்களே இறந்துகொண்டிருந்த வேளையில், மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, பாலைவெளியில் பெருந்திரளாகக் கூடி இறைஞ்சினர். அம்மாதம் கழியுமுன் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். தம் கொள்கைக்கு ஒத்துவராத கணக்கையும் உள்ளபடியே பதிவுசெய்த அந்த நேர்மைக்கு நாம் தலைவணங்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாதத்தில் அரசியலின் நெடியும் ஏறியது. தொற்றுத் தடைக்காப்பு ஐரோப்பியரின் வழக்கம், ஆகவே விலக்கத்தக்கது என்று சொன்னோர் உண்டு. அவர்களுக்கு மறுப்பாக 1836 இல் நூலெழுதியவர் அல்ஜீரியரான ஹம்தான் கோஜா. பிரெஞ்சுக்காரர் 1830 இல் தம் தாயகத்தைக் கைப்பற்றியதைக் கண்டித்து 1833 இல் பாரிஸிலேயே நூல் வெளியிட்டவர் அவர். ஐரோப்பிய ஆதிக்கத்தின் கொடுமையை அவரினும் நன்கறிந்தவர் யார்? எனினும் பகைவனின் கையில் இருப்பதாலேயே நன்மை தீமையாகிவிடாது என்பதை உணர்ந்திருந்தார். 1838 இல் உதுமானியப் பேரரசு இஸ்தான்பூலில் தடைக்காப்புக்கெனத் தனி அவை அமைத்தது.

2020 இல் கொரோனா நோய் பரவியபோது பள்ளிவாசல்களின் கதவுகள் மூடப்பட்டதை நாம் கண்டோம். அவ்வாண்டின் ஹஜ், சவூதி அரேபியாவினுள் வாழ்வோரில் மிகச் சிலருக்கே கிட்டியது. அந்நாட்களில் உறவினர்க்குள்ளும் அண்டை அயலாரிடையிலும் ஸர்க்கின் வாதம் மீண்டும் எழுந்தது. மூடுவது ஈமானின் குறைவென்றவர் அபூ உபைதா (ரலி) அவர்களின் வினாவை எடுத்தாண்டார். மூட வேண்டும் என்றவர் உமர் (ரலி) அவர்களின் விடையை எடுத்தாண்டார். இருதரப்பாரும் அப்பெரியார்களின் சொற்களைக் கடன் வாங்கினர். அச்சொற்களுக்குப் பின்னாலிருந்த வாழ்வை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

விதியிலிருந்து ஓடுவதா என்று கேட்டவர், தாம் நோயின் நடுவே நின்று கேட்டார். பிறரைச் சாகச் சொல்லிவிட்டுத் தாம் பாதுகாப்பாக இருந்துகொள்ளவில்லை. அழைப்பு வந்தும் மறுத்து, தம் வீரர்களோடு மாண்டார். திரும்பிப் போவோம் என்றவரும் தம் உயிருக்கஞ்சிச் சொல்லவில்லை. தம் பொறுப்பிலிருந்த மக்களுக்காகச் சொன்னார். நோய் தணிந்ததும் அதே ஷாமுக்குச் சென்று, மாண்டவர்களின் வாரிசுரிமைகளைத் தம் மேற்பார்வையிலேயே பங்கிட்டுக் கொடுத்தார். அன்றைய வாதத்துக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தது வாதிட்டவர்களின் சொந்த உயிரும் சொந்தப் பொறுப்பும்.

இன்று நாம் போரைப் பற்றியும் ஆட்சியைப் பற்றியும் நோயைப் பற்றியும் நாள்தோறும் வாதிடுகிறோம். வாதிடுவது குற்றமன்று; ஸர்க்கில் ஒரே நாளில் மூன்று கூட்டங்கள் வாதிட்டன. ஆனால் வாய்திறக்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. நாம் சொல்வதுபோல் நடந்தால் அதன் விலையைக் கொடுக்கப்போகிறவர் யார்? அது நாமாக இருந்தால், கலீபாவின் முன்னிலையிலும் நிமிர்ந்து பேசலாம். வேறொருவராக இருந்தால், அவரை அழைத்து முதலில் அவர் சொல்வதைக் கேட்போமாக.