இணையவழித் துன்புறுத்தலும் பெற்றோர் கடமையும்

கைப்பேசி, சமூக வலைத்தளம், இணைய விளையாட்டு முதலிய சாதனங்களின் வாயிலாக ஒரு குழந்தையை வேண்டுமென்றே இழிவுபடுத்தியும் அச்சுறுத்தியும் ஒதுக்கிவைத்தும் வதைப்பது இணையவழித் துன்புறுத்தல் எனப்படும். பள்ளிக் கொடுமைகளை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவரும், நார்வேயில் பணியாற்றியவருமான உளவியலறிஞர் டான் ஓல்வியஸ், தீய நோக்கம், மீண்டும் மீண்டும் நிகழ்தல், வலிமையில் ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றையும் துன்புறுத்தலின் லட்சணங்களாக வகுத்தார். இணையத்திலோ ஒரே முறை இட்ட படமும் பல கைகள் மாறி ஓயாத வேதனையாகிவிடுகிறது. பள்ளி விட்டபின்னும் அது வீட்டுக்குள் தொடர்ந்து வருகிறது.

வடிவங்களும் அறிகுறிகளும்: வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு மாணவியை நீக்கிவிட்டு அவளையே பரிகசித்தல், போலிக் கணக்கு தொடங்குதல், மார்பிங் செய்த படத்தைப் பரப்புதல், அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுதல் ஆகியவை பரவலாகக் காணப்படுவன. செய்தி வந்த ஓசை கேட்டதும் முகம் வாடிக் கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பதும், காலையில் வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போக மறுப்பதும் பெற்றோர் அசட்டை செய்யத் தகாத அறிகுறிகள்.

பெற்றோர் செய்யத்தக்கவை: சொன்னால் கைப்பேசி பறிபோகும், பழியும் தன்மேலேயே விழும் என்ற பயத்தினாலேயே பல குழந்தைகள் வாய் திறப்பதில்லை, ஆதலால், என்ன நேர்ந்தாலும் கோபமின்றிக் கேட்போம் என்ற நம்பிக்கையை, துன்பம் வருவதற்கு முன்பே குழந்தையின் மனத்தில் ஊன்றுவதே தலையாய பாதுகாப்பு. துன்பம் நேர்ந்தபின், பதிலுக்கு வசைபாடாமல், செய்திகளை அழிக்காமல், நாளும் நேரமும் கணக்கின் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, பிறகு அக்கணக்கை பிளாக் செய்து, வலைத்தள நிறுவனத்துக்கும் பள்ளிக்கும் தெரிவித்தல் வேண்டும். குழந்தையின் அந்தரங்கப் படமாயின், சாட்சியத்துக்காகக்கூட அதைப் பிறருக்கு அனுப்பாமல் உடனே காவல்துறையை நாடுதல் அவசியம்.

சட்டம்: இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பிறரைப் பெரிதும் புண்படுத்தும் அல்லது மிரட்டும் செய்திகளைத் தண்டித்துவந்த 66ஏ பிரிவை, கருத்துச் சுதந்திரத்துக்கு முரணானதென்று உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்துச் செய்தது. எனினும் அந்தரங்கத்தை மீறுவதைத் தண்டிக்கும் 66இ பிரிவும், குழந்தைகளைப் பற்றிய ஆபாசப் படங்களைத் தண்டிக்கும் 67பி பிரிவும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் நடைமுறையில் உள்ளன. குழந்தைகள் உதவிக்கு 1098, இணையக் குற்றப் புகாருக்கு 1930 ஆகிய தொலைபேசி எண்கள் உள்ளன.

துன்புறுத்தியது தம் குழந்தையே எனத் தெரியவந்தால், விளையாட்டாகச் செய்ததென்று மூடிமறைக்காமல், அப்பதிவை நீக்கச்செய்து, பாதிக்கப்பட்ட குழந்தையிடம் மன்னிப்புக் கேட்கச்செய்வதும் பெற்றோரின் கடமையே. மற்றொரு வீட்டுக் குழந்தையின் மானத்தையும் தம் குழந்தையின் மானத்தைப்போலவே மதிக்கப் பழக்குவது இக்கொடுமையை அதன் வேரிலேயே தடுக்கும்.